காக்கைகளுக்கு இட்ட விருந்து



நேரிசை வெண்பாவின் ஈற்றடியைப் பாராட்டுவோர் பலர். இரண்டாம் அடியின் கடைசியில் நிற்கும் தனிச்சொல்லைப் பாராட்டுவோர் மிகச் சிலர். அந்தத் தனிச்சொல் இடறினால் மேலிரண்டு அடியும் கீழிரண்டு அடியும் கூடி நில்லா என்பதை யாப்பறிந்தோர் அறிவர். பல தொகுதிகளாக வளரும் நெடுங்கதைகளிலும் நிலைமை ஏறத்தாழ இதுவே. முதல் தொகுதியை வியந்து பேசுவர். முடிவைப் பற்றி வாதிடுவர். நடுவில் வரும் தொகுதியைக் 'கதை நகரவில்லை' என்ற இரண்டு சொற்களில் தள்ளிவிடுவர்.

அவ்வாறு தள்ளப்பட்ட நூல்களுள் ஒன்று, அமெரிக்க நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் எழுதிய 'எ ஃபீஸ்ட் ஃபார் க்ரோஸ்'. காக்கைகளுக்கு ஒரு விருந்து என்று தமிழில் சொல்லலாம். 'எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்' என்னும் மிகுபுனைவுக் காவிய வரிசையில் அது நான்காம் தொகுதி. மூன்று தொகுதிகளில் முடிப்பதாகத் தொடங்கிய வரிசை ஏழு தொகுதிகளாகத் திட்டம் விரிந்தது. ஆகவே எண்ணிக்கைப்படியும் இதுவே நட்டநடுத் தொகுதி.

வரிசையின் முதல் தொகுதி 1996இலும், இரண்டாவது 1998இலும், மூன்றாவது 2000இலும் வெளிவந்தன. நான்காவது 2005இல்தான் வந்தது. இந்தத் தாமதத்தின் காரணம் நூலின் இயல்போடு பிணைந்திருப்பதால் அதைச் சற்று விரித்துரைக்க வேண்டும்.

வெஸ்டரோஸ் என்னும் கற்பனைக் கண்டத்தில் அரியணைக்காக ஐந்து மன்னர்கள் பொருதுகின்றனர். மூன்றாம் தொகுதியின் முடிவில் போரின் பெரும்பகுதி ஓய்ந்துவிடுகிறது. மன்னர்களுட் பெரும்பாலோர் மாண்டனர். திருமண விருந்தொன்றில் விருந்தினராக வந்த அரசனும் அவன் படையும் வஞ்சகமாகக் கொல்லப்பட்டனர். எஞ்சிய முதன்மை மாந்தருட் பலர் சிறுவர், சிறுமியர். அவர்கள் வளர்வதற்கென ஐந்தாண்டு இடைவெளி விட்டுக் கதையை மீண்டும் தொடங்க மார்ட்டின் எண்ணினார். அவ்வாறு எழுதியும் பார்த்தார். சிறுவர்களுக்கு அந்த இடைவெளி பொருந்தியது; ஆட்சிக் கட்டிலில் இருந்தோர்க்குப் பொருந்தவில்லை. போர் ஓய்ந்த நாடு ஐந்தாண்டுக் காலம் சும்மா இருந்தது என்று எழுத முடியாது. இடையில் நடந்தவற்றையெல்லாம் பின்னோக்கு நினைவுகளாகச் சொல்லவேண்டி வந்தது. எழுதியதைக் கைவிட்டார், போர் ஓய்ந்த மறுநாளிலிருந்தே கதையை மீண்டும் தொடங்கினார்.

ஆக, ஆசிரியர் தாண்டிச் சென்றுவிடலாம் என்று முதலில் கருதிய காலமே இந்த நூலின் காலம். போருக்கும் போருக்கும் நடுவே கிடக்கும் வெறும் நாள்கள் என்று தோன்றியவற்றைத் தாண்ட முடியவில்லை. அவை எழுதப்பட்டபோது ஒரு நூலுக்குள்ளும் அடங்கவில்லை. கட்டடம் செய்ய முடியாத அளவுக்குக் கையெழுத்துப்படி பெருத்தது. கதையைக் காலவரிசையில் பாதியாக வெட்டலாம் என்ற எண்ணம் இருந்தது. எல்லா மாந்தரின் கதையிலும் பாதியைச் சொல்வதைவிடப் பாதி மாந்தரின் கதையை முழுமையாகச் சொல்லலாம் என்று எழுத்தாளர் டேனியல் ஆபிரகாம் யோசனை கூறினார். மார்ட்டின் அதை ஏற்றார். நூல் இடவாரியாகப் பிரிந்தது. தலைநகரம், ஆற்றுநாடு, மலைப்பள்ளத்தாக்கு, தென்கோடி டோர்ன், இரும்புத் தீவுகள் ஆகியவை நான்காம் தொகுதிக்கு வந்தன. வடக்கும் கடல்கடந்த கிழக்கின் பெரும்பகுதியும் ஐந்தாம் தொகுதிக்குப் போயின.

இதன் விளைவாக, வாசகர் மிகவும் விரும்பிய மூவர் இந்த நூலில் இல்லை. நகையும் பகையும் ஒருங்கே கொண்ட டிரியன் இல்லை. பறவைநாகங்களை வளர்த்த டனேரிஸ் பற்றிச் செய்திகள் மட்டுமே வருகின்றன. வடபுல மதிலைக் காக்கும் ஜான் ஸ்னோ, மற்றொருவர் கண்வழியே சிறிது தென்பட்டு மறைகிறார். நூலின் இறுதியில் ஒரு குறிப்பு எழுதி, விடுபட்டோரின் கதை அடுத்த ஆண்டிலேயே வெளிவரும் என்ற நம்பிக்கையை ஆசிரியர் தெரிவித்தார். அது வெளிவந்தது 2011இல்.

வாசகரின் சினத்திற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை. நூல் விற்பனையில் முதலிடம் பெற்றது. 2006ஆம் ஆண்டு ஹ்யூகோ விருதுக்கான இறுதிப் பட்டியலிலும் இடம்பெற்றது. 'டைம்' இதழ் ஆசிரியரை அமெரிக்காவின் டோல்கீன் என்று போற்றியது. ஆயினும் வரிசையில் மெலிந்த தொகுதி இதுவே என்னும் பேச்சு நிலைத்துவிட்டது. ராபர்ட் ஜோர்டன் எழுதிய 'தி வீல் ஆஃப் டைம்' வரிசையின் பத்தாம் தொகுதியும் 2003இல் இதே பழியைச் சுமந்தது. அங்கே பழியில் நியாயம் மிகுதி. முந்தைய தொகுதியின் இறுதியில் நிகழ்ந்த பெருநிகழ்ச்சியின்போது மற்றவர் எங்கெங்கே இருந்தனர் என்று சொல்வதிலேயே அந்நூலின் பெரும்பகுதி கழிகிறது. மார்ட்டினின் நூலை அதனோடு ஒரே தட்டில் வைத்து எடைபோடுவது பொருந்தாது. இங்கே நிற்பதற்கும் நடப்பதற்கும் பொருள் உண்டு.

அந்தப் பொருள் பிரியேன் என்னும் பெண்ணின் பயணத்தில் தெளிவாகிறது.

இந்த வரிசையில் ஒவ்வோர் அத்தியாயமும் ஒருவருடைய பார்வையில் அமையும். பிரியேனின் பார்வையில் எட்டு அத்தியாயங்கள். உருவில் பெரியவள், அழகற்றவள் என்று ஊரார் ஏளனம் செய்தவள், வாளேந்தும் வீராங்கனை. இறந்துபோன ஒரு தாய்க்கு அவள் கொடுத்த வாக்கு, அத்தாயின் மகள் சான்சாவைக் கண்டுபிடித்துக் காப்பது. கையில் நல்ல வாள். வழித்துணைக்குப் போட்ரிக் என்னும் திக்குவாய்ச் சிறுவன். பழுப்புச் சிவப்புக் கூந்தலும் நீலக் கண்ணும் உடைய பதின்மூன்று வயதுப் பெண்ணைக் கண்டீர்களா என்று சத்திரம் சத்திரமாக, துறைமுகம் துறைமுகமாகக் கேட்டுச் செல்கிறாள். காணவில்லை என்ற விடையைத்தான் பெறுகிறாள்.

சான்சா எங்கிருக்கிறாள் என்பது வாசகருக்குத் தெரியும். அவள் கிழக்கே மலைக்கோட்டையில், கூந்தலுக்குச் சாயமிட்டு, வேறொருவனின் மகள் என்ற பெயரில் மறைந்து வாழ்கிறாள். அவளது அத்தியாயங்களும் இதே நூலில் இடையிடையே வருகின்றன. முதல் அத்தியாயத்தின் தலைப்பு 'சான்சா'. அதன்பின் வருவனவற்றின் தலைப்பு 'அலெய்ன்'. பெயர் மாறியது ஊருக்கு மட்டுமன்று. நூலின் பொருளடக்கமே அவளை மறந்துவிடுகிறது. அவள் தங்கை ஆர்யாவும் கடல்கடந்த நகரில் சிப்பி விற்கும் சிறுமியாகி, தன் அத்தியாயத் தலைப்பில் பெயரை இழக்கிறாள். ஆகவே பிரியேன் தேடும் பெண் அவள் தேடும் திசையில் இல்லை. அந்தப் பெயரிலும் இல்லை. பயணத்தின் ஒவ்வோர் அடியும் வீண் என்று முன்னரே அறிந்துதான் வாசகர் அவளோடு நடக்கிறார்.

இதைக் கதைக்கட்டுக் குறை என்று பலர் கூறினர். கண்டுபிடிக்கும் ஆவல் வாசகரிடம் எஞ்சியிருக்குமானால் அவர் பார்வை வழியில் படியாது. முடிவை நோக்கியே ஓடும். அந்த ஆவலை ஆசிரியர் முதலிலேயே பிடுங்கிவிடுகிறார். பிடுங்கியபின் எஞ்சுவது வழி மட்டுமே. மரந்தோறும் தொங்கும் பிணங்கள், எரிந்த ஊர்கள், விதைக்கப்படாத வயல்கள், உணவுக்கு அஞ்சிக் கதவடைக்கும் வீடுகள். முதல் மூன்று தொகுதிகளில் படைகள் அந்நிலத்தின்மேல் குறுக்கும் நெடுக்கும் சென்றன. வாசகர் அப்போது கொடிகளையும் கோமான்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். காலடியில் நசுங்கியது எது என்பதை இப்போது பார்க்கிறார்.

வழியில் ஒரு சிறு நிகழ்ச்சி. டிக் என்னும் வழிகாட்டி ஒருவன் பாழடைந்த கடற்கரைக் கோட்டைக்குப் பிரியேனை அழைத்துச் செல்கிறான். பொய்யும் புரட்டும் நிறைந்தவன். வழிநெடுக அவன்மேல் அவளுக்கு ஐயம். கோட்டையில் ஒளிந்திருந்த கொடியவர்கள் அவனைக் கொன்றுவிடுகின்றனர். அவள் அவர்களை வென்று, டிக்கைப் புதைத்து, அவனுக்குத் தருவதாகச் சொன்ன பொற்காசு இரண்டையும் குழிக்குள் எறிகிறாள். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று போட்ரிக் கேட்கிறான். கொடுப்பதாகச் சொன்ன கூலி என்பதே விடை. நம்பாமல் நடத்திய ஒருவனுக்கு அவள் செலுத்தக்கூடிய மன்னிப்பு அவ்வளவுதான். ஆசிரியர் அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

பின்னர் மெரிபால்ட் வருகிறார். அவர் ஊர் ஊராகச் செல்லும் ஏழைச் சமயகுரு. வெறுங்கால் நடை, உணவுப் பொதி சுமக்கும் கழுதை ஒன்று, நாய் என்றே பெயரிட்ட நாய் ஒன்று. எழுதப் படிக்கத் தெரியாதவர். வேண்டுதல்களை மனப்பாடமாகச் சொல்பவர். வழியில் உடைந்த மனிதர்கள் என்று ஊரார் அஞ்சும் கூட்டத்தைப் பற்றிப் பேச்சு எழுகிறது. அவர்களும் கொள்ளையரும் ஒன்றுதானா என்று சிறுவன் கேட்கிறான். ஏறத்தாழ ஆம் என்கிறாள் பிரியேன். குரு அதை மறுத்து நீண்ட உரை ஒன்று நிகழ்த்துகிறார்.

நூல் முழுவதும் அந்த உரைக்காகவே எழுதப்பட்டதோ என்று எண்ணத் தோன்றும். கோமான் அழைத்தான் என்பதற்காக அரிவாளும் மண்வெட்டியும் எடுத்துக்கொண்டு, அண்ணன் தம்பியரோடும் ஊர் நண்பரோடும் புறப்படுபவன். வீரப் பாடல்களைக் கேட்டே வளர்ந்தவன். செருப்புத் தேய்ந்து, கெட்ட நீர் குடித்து நோயுற்று, இறந்தவன் உடையை உரித்து அணிந்து, பிறகு தன்னைப் போன்ற உழவன் வீட்டிலேயே திருடத் தொடங்குபவன். உடன் வந்தோர் ஒருவரும் எஞ்சாத நாளில், முன்பின் அறியாதவர் நடுவே, தன் பெயரையே அறியாத தலைவனுக்காக நிற்பவன். அவன் ஒருநாள் ஓடுகிறான். ஓடியபின் வீட்டு நினைவும் அற்றுப்போகிறது. அவனுக்கு அஞ்ச வேண்டும். அவனுக்கு இரங்கவும் வேண்டும் என்கிறார் குரு. போருக்குச் சென்றபோது உமக்கு வயதென்ன என்று கேட்கின்றனர். போட்ரிக்கின் வயதுதான் என்கிறார். அண்ணன்மார் எல்லாரும் சென்றதால் தாமும் சென்றார். ஓர் அண்ணன் கையில் இருந்தது சத்திரத்துச் சமையலறையில் திருடிய கத்தி. அவன் ஒரு வெட்டும் வெட்டாமல் காய்ச்சலில் மாண்டான்.

மூன்று தொகுதிகளின் போர்க்களங்கள் இந்தச் சமையற்கத்திக்கு முன் சிறுத்துப்போகின்றன. முன்னைய தொகுதிகளில் ஆயிரம் பேர் இறந்தனர் என்று ஒரு வரியில் கடந்தபோது அந்த ஆயிரத்தில் கத்தி திருடி வந்த பையன்கள் எத்தனை பேர் என்ற கேள்வி வாசகருக்குத் தோன்றியதில்லை. இனித் தோன்றாமல் இராது. பின்னோக்கிச் சென்று முந்தைய தொகுதிகளின் பொருளை மாற்றிவிடுவது நடுத்தொகுதியால் மட்டுமே ஆகும் காரியம். தொடக்கத்திற்கு முன்னே கதை இல்லை, முடிவிற்கோ மீண்டும் படிப்பதற்குப் பின்னே கதை இல்லை.

1948இல் பிறந்த மார்ட்டின் வியட்நாம் போரின்போது மனச்சான்றின் பேரில் படைசேர மறுத்தவர். அதற்கு மாற்றாக 1972 முதல் 1974 வரை ஏழை மக்களுக்கான தொண்டமைப்பில் பணியாற்றினார். இதை வைத்தே குருவின் உரைக்கு விளக்கம் சொல்லிவிடுவது எளிது. உரையின் ஆற்றல் வாழ்க்கைக் குறிப்பில் இல்லை. நூலின் நடையில் இருக்கிறது. அதற்கு முந்தைய நான்கு அத்தியாயங்களில் பிரியேன் நடந்து நடந்து களைத்திராவிட்டால், அந்த உரை ஒரு மேடைப்பேச்சாகவே நின்றிருக்கும்.

குரு அவளை மௌனத் துறவியர் வாழும் தீவு ஒன்றுக்கு அழைத்துச் செல்கிறார். ஆறு கொண்டுவந்து ஒதுக்குவன எல்லாவற்றையும் அத்துறவியர் எடுத்து வைக்கின்றனர். சட்டி பானை, துருப்பிடித்த தலைக்கவசம், பிணங்கள்; பிணங்களுக்குக் குழி தோண்டுவதும் அவர்கள் வேலை. பல ஆண்டுகளுக்கு முன் அந்த ஆற்றின் துறையில் இளவரசன் ஒருவன் கொல்லப்பட்டபோது அவன் மார்புக் கவசத்திலிருந்து சிதறிய மாணிக்கங்களுள் ஆறு அவர்களிடம் சேர்ந்துள்ளன, ஏழாவதற்குக் காத்திருக்கின்றனர். அந்த இளவரசன் வீழ்ந்த போர்தான் இக்காவியத்தின் வேர். காவியத்தின் வேர் இங்கே ஆற்று வண்டலில் பொறுக்கி எடுத்த கற்களாகக் கிடக்கிறது.

பிரியேன் பயணத்தைத் தொடங்கிய நாளிலேயே வழியில் ஒரு கூட்டத்தைக் கண்டிருந்தாள். தங்களைக் குருவிகள் என்று அழைத்துக்கொள்ளும் ஏழை மக்கள், போரில் கொல்லப்பட்ட குருமார்களின் எலும்புகளை வண்டியில் ஏற்றித் தலைநகருக்குக் கொண்டுசெல்கின்றனர். அரசியார் செர்சியின் அத்தியாயங்களில் அதே எலும்புகள் பெருங்கோயிலின் முன்றிலில் குவிகின்றன. ஆட்சி போதையில் மிதக்கும் செர்சிக்கு அவை நாற்றம் மட்டுமே. அரசின் கடனைத் தள்ளுபடி செய்வதற்கு விலையாகக் கோயிலுக்குப் படை வைத்துக்கொள்ளும் உரிமையை வழங்குகிறாள். முடிவில் அந்தக் கோயிலின் சிறையிலேயே அடைபடுகிறாள். இரு கதைகளையும் இணைக்கும் பாலம் அந்த வண்டிதான். ஆசிரியர் அதைச் சுட்டிக்காட்டுவதில்லை. கதை நகரவில்லை என்றோர் அந்த வண்டி நகர்ந்ததைக் கவனிக்கவில்லை போலும்.

செர்சியின் உடன்பிறந்தோன் ஜெய்மி வலக்கையை இழந்த வீரன். பேச இயலாத கொலைத்தண்டனையாளன் ஒருவனோடு இரவில் இடக்கைப் பயிற்சி செய்கிறான். வாளெடுக்காமல் ஒரு கோட்டை முற்றுகையை முடிக்கிறான். ஆனால் கைப்பிள்ளையைக் கவண்பொறியில் வைத்துக் கோட்டைக்குள் எறிவேன் என்ற மிரட்டல்தான் குருதி சிந்தாத அந்த வெற்றிக்கு விலை. நூலில் மிகவும் நுட்பமாக எழுதப்பட்ட இடங்களுள் இதுவும் ஒன்று.

குறைகளும் உண்டு. இரும்புத் தீவினர் அரசனைத் தேர்ந்தெடுக்கும் கூட்டமும், டோர்ன் நாட்டு இளவரசியின் தோற்றுப்போன சூழ்ச்சியும் நூலின் நடுநாடியோடு ஒட்டவில்லை. புதிய மாந்தர், புதிய குலங்கள், புதிய பகைகள். நடுவழியில் புதிய பயணிகளை ஏற்றிக்கொள்ளும் வண்டி ஊர்போய்ச் சேரத் தாமதமாகும் என்பது வெளிப்படை. செர்சியின் பத்து அத்தியாயங்களில் இரண்டு மூன்று குறைந்திருந்தால் அவள் வீழ்ச்சி கூர்மை பெற்றிருக்கும். இடவாரியாகப் பிரித்ததும் முழுநலம் பயக்கவில்லை. நான்காம் தொகுதியில் கவலையும் சாம்பலும் மிகுந்து, நகைச்சுவைக்கு உரியவர் எல்லாரும் ஐந்தாம் தொகுதிக்குப் போய்விட்டனர்.

தமிழ்ப் பாவலர்க்கு நூலின் தலைப்பு பரணியை நினைவூட்டும். கலிங்கத்துப்பரணியில் போர் முடிந்த களத்தில் பேய்கள் கூழடுகின்றன; காளிக்குப் படைத்து உண்டு களிக்கின்றன. அந்த விருந்தின் பெருமையெல்லாம் வென்றவனையே சேரும். எத்தனை பிணம் விழுந்ததோ அத்தனை புகழ். மார்ட்டினின் விருந்தில் புகழ்பெற எவரும் இல்லை. உண்ணும் காக்கைகளுள் சில இறகுடையவை. மற்றவை அமைச்சவையில் அமர்ந்து பட்டங்களையும் கோட்டைகளையும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒரே காட்சியை இரண்டு மரபுகள் எதிரெதிர்க் கரைகளில் நின்று பார்க்கின்றன. பரணியின் ஓசை நயத்தில் தோய்ந்தவர் இந்நூலைப் படித்தபின் அந்தக் கூழ்ப்பானையை மீண்டும் ஒருமுறை உற்றுப் பார்ப்பார்.

2011 முதல் 2019 வரை ஒளிபரப்பான தொலைக்காட்சித் தொடர் நான்காம், ஐந்தாம் தொகுதிகளை ஒன்றாகக் கலந்து சுருக்கியது. வெறுங்கால் குருவின் உரை அதில் இடம்பெறவில்லை. பிரியேனின் பயணத்தை முடித்துவைக்கும் பாத்திரமும் இல்லை. காட்சிக்கலை சுருக்கத்தான் செய்யும். அதில் குறைகாண இடமில்லை. சுருக்கும் கை எதை முதலில் வெட்டியது என்பது மட்டும் கவனிக்கத்தக்கது.

பிரியேனின் பயணம் முடியும் இடத்தைச் சொல்லாமல் விடலாகாது. அநாதைச் சிறுவர்கள் நிறைந்த ஒரு சத்திரத்தைக் கொள்ளையரிடமிருந்து காக்கும் போரில் அவள் முகம் சிதைகிறது. கட்டுண்டு ஒரு குகைக்குக் கொண்டுசெல்லப்படுகிறாள். அங்கே தலைவியாக அமர்ந்திருப்பவள், பிரியேன் யாருக்கு வாக்குக் கொடுத்தாளோ அந்தத் தாய். இறந்து, மந்திரத்தால் மீண்டெழுந்து, பழிவாங்குதல் ஒன்றைத் தவிர யாவும் மறந்தவள். ஜெய்மியைக் கொல்வதாக வாக்களித்து வாளை எடு, இல்லையேல் கயிறு என்கிறாள். பிரியேன் எதையும் தேர்ந்தெடுக்க மறுக்கிறாள். உடனிருந்த சிறுவன் போட்ரிக்கும் கயிற்றில் துடிக்கிறான். அப்போது அவள் ஒரே ஒரு சொல்லைக் கத்துகிறாள். அது எந்தச் சொல் என்று நூல் சொல்லவில்லை.

ஆறாண்டு கழித்து வந்த ஐந்தாம் தொகுதியில் அவள் ஒரே ஒரு முறை தோன்றுகிறாள், முகத்தில் கட்டுடன். ஜெய்மியின் பாசறைக்கு வருகிறாள். தேடிய பெண்ணைக் கண்டுவிட்டதாகவும், ஒருநாள் வழித் தொலைவில் அவள் இருப்பதாகவும், அவன் தனியே வரவேண்டும் என்றும் கூறுகிறாள். எட்டு அத்தியாயம் அவளோடு நடந்த வாசகருக்குத் தெரியும், அந்தப் பெண் அங்கே இல்லை. ஜெய்மி புறப்படுகிறான்.